அண்டா முன்னால் பழங்கதை

அந்த ஊரில் வெயில் குலம் என்று ஒன்று உண்டு. சூரியனுக்கு அனுமதி கொடுப்பது அவர்களுடைய பரம்பரைத் தொழில். தினமும் காலையில் குலத்து மூத்தவர் மேட்டுத் தெரு மொட்டை மாடியில் கிழக்குப் பார்த்து நின்று, "வரலாம்" என்பார். சூரியன் வரும். எத்தனையோ தலைமுறையாக ஒருநாள்கூட அது மறுத்ததில்லை என்பதே அவர்களுடைய திறமைக்குச் சான்று. அத்தோடு அன்றைய வேலை முடிந்துவிடும். அசதியாக இருக்கும் என்பதால் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வார்கள்.

அடிவாரத்தில் இருந்தது மூட்டக் குலம். விடிவதற்கு முன்னால் பெரிய பெரிய அண்டாக்களில் மூட்டம் கிளப்பி, குழாய் வழியாகத் தெருக்களுக்கு அனுப்புவது அவர்கள் வேலை. ஊர் வெள்ளைப் பாறைமேல் கட்டப்பட்டது. விடிந்தவுடன் வெயில் நேராகப் பட்டால் கண் போய்விடும் என்பது அதற்கு ஒரு காரணம். மூட்டம் என்று ஒன்று இருந்தால்தானே "வரலாம்" என்றதும் அது விலகி, ஏதோ நடந்ததுபோல் தெரியும் என்பது இன்னொரு காரணம். இரண்டாவதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நடுவில் காற்றுக் குலம், நிழல் குலம் என்று இன்னும் சில குலங்கள், மேலே பார்த்துக் கும்பிடுவதும் கீழே பார்த்து மூக்கைப் பொத்துவதுமாக, நிரந்தரக் கழுத்து வலியோடு வாழ்ந்துவந்தன.

இப்படி இருக்கும்போதுதான் குலம் மாறும் சட்டம் வந்தது. யார் வேண்டுமானாலும் எந்தக் குலத்துக்கும் போகலாம், தடையே இல்லை. ஒரே ஒரு சின்ன நிபந்தனை. கீழிருந்து ஒரு குடும்பம் மேலே போனால், மேலிருந்து ஒரு குடும்பம் அந்த வீட்டுக்கு இறங்கி வரவேண்டும். ஊர் சமநிலையில் இருக்க வேண்டுமே. சட்டம் வந்த அன்று அடிவாரத்தில் ஒரே கொண்டாட்டம். இதற்கென்றே வைத்த சமன் ஆபீசில் மேலே போகிறவர்களுக்கு ஒரு ஜன்னல், கீழே வருகிறவர்களுக்கு ஒரு ஜன்னல் என்று திறந்தார்கள். முதல் ஜன்னலில் வரிசை தெருமுனையைத் தாண்டி நின்றது. இரண்டாவது ஜன்னலில் எழுத்தர் தன் துண்டைக் காயப்போட்டார். யாரையும் நோகடிக்காத நல்ல சட்டம் என்று எல்லாரும் அதைப் பாராட்டினார்கள்.

பல வருஷம் கழித்து ஒருநாள் அந்தத் துண்டை விலக்கிக்கொண்டு ஒரு முகம் எட்டிப் பார்த்தது. வெயில் குலத்து மூத்தவரின் ஒரே மகன். இருபத்தைந்தைத் தாண்டிய வயது, நல்ல சட்டை, வெடித்த உதடு.

"மேல போற வரிசை அந்தப் பக்கம் சார்," என்றார் எழுத்தர்.

"நான் கீழ போகணும்."

"கக்கூஸா? அதுவும் அந்தப் பக்கந்தான்."

"இல்லீங்க. மூட்டக் குலத்துக்கு."

எழுத்தர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்து மடித்து வைத்தார். அது அரசாங்கம் அவனுக்குக் காட்டிய முதல் மரியாதை.

மேட்டுத் தெருவில் அவனுக்கு ஓதம், அதாவது ஈரக்கசிவு, என்று பெயர். அதற்குக் காரணம் உண்டு. வெயில் குலத்துப் பெண்களுக்குப் பால் சுரக்காது, அவ்வளவு வறட்சி. ஆகவே பிறந்த குழந்தையை ஒரு கூடையில் வைத்து அடிவாரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். ஐந்து வயது வரை அது ஏதாவது ஒரு மூட்டக்காரி மடியில் வளரும். பிறகு ஆள் போய்த் தூக்கிக்கொண்டு வருவான். வந்ததும் மொட்டை மாடியில் பாய் விரித்து, குழந்தையைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் காயவைப்பார்கள். ஒரு வாரம் காய்ந்தால் ஈரம் போய்விடும். ஈரத்தோடு கீழே நடந்ததெல்லாம் மறந்துவிடும். எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படித்தான் மறந்தது. இவனைக் காயவைத்த வாரம் பார்த்து மழை. சரியாகக் காயவில்லை.

அதனால் அவனுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. உத்தரத்தில் வரிசையாகத் தொங்கும் நீர்த்துளிகள்; எது முதலில் விழும் என்று அண்ணனோடு போட்ட பந்தயம். ஈரச் சுவரில் விரலால் வரைந்த யானை, மறுநாள் காலையில் உருகி மாடாகியிருக்கும். உப்பு கசிந்துவிடும் என்று சின்னத் துணியில் முடிந்து அம்மா இடுப்பில் செருகியிருப்பாள். அந்த இடுப்பில் உட்கார்ந்தால் தொடையில் உப்பு முடிச்சு அழுத்தும். ஒரே கம்பளிக்குள் அண்ணனும் அவனும். கதவுக்கு அந்தப் பக்கம் அண்டாவைச் சுற்றி நின்று பெரியவர்கள் பேசும் சத்தம். நிற்காத பேச்சு. அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டேதான் தூங்கிப்போவான், கேட்டுக்கொண்டேதான் விழிப்பான்.

மேலே பேச்சே கிடையாது. "வரலாம்" என்ற ஒரு வார்த்தைக்காகக் குலமே குரலைச் சேமித்தது. தாயார் கண்ணால் கூப்பிடுவாள்; தகப்பனார் புருவத்தால் திட்டுவார். சாப்பாட்டு மேஜையில் ரொட்டி நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்கும். எல்லாமே மொறமொறப்பாக இருந்தது: படுக்கை, காகிதம், சொந்தக்காரர்கள். மாடியில் தனியாகப் படுத்துக்கொண்டு, இங்கே ஒரு சொட்டு விழாதா என்று கூரையைப் பார்ப்பான் ஓதம். சொட்டாது. தரமான கட்டடம்.

எழுத்தர் எந்த வீட்டுக்கு என்று கேட்டபோது அவன் யோசிக்கவே இல்லை. "எங்க அம்மா வீட்டுக்கு," என்றான். அது எந்த வீடு என்று ஆபீசே விசாரித்துக் கண்டுபிடித்தது.

*

அவன் இறங்கி வந்தபோது சாயங்காலம். படிக்கட்டின் பாதியிலேயே சட்டை நமுத்துவிட்டது. அடிவாரத்துத் தெரு அவன் நினைத்துவைத்திருந்ததைவிடக் குறுகல். வீட்டுக் கதவு அதைவிடக் குட்டை. நெற்றியில் இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தான்.

அடுப்படியில் உட்கார்ந்து, அண்டா கிளறும் துடுப்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்த பெண்மணி நிமிர்ந்தாள். அடிவாரத்தில் அவளை அண்டாம்மா என்பார்கள். பெரிய அண்டாவுக்கு அவள்தான் மேஸ்திரி. தோளும் கையும் துடுப்பு பிடித்து உருண்டிருந்தன. தலை முக்கால்வாசி நரைத்திருந்தது.

"யாரு?" என்றாள்.

"அம்மா," என்றான்.

அவள் எழுந்து வந்து அவன் முகவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினாள். "அட, வறட்டுப் பயலே! இந்த வெடிச்ச உதடு மாறவே இல்லையே. பொறந்தப்பவும் இப்படித்தான் வந்தே, கருவாடு மாதிரி." கன்னத்தில் ஒரு தட்டு தட்டினாள். வலித்தது. "எதுக்குடா வந்தே?"

"வீட்டுக்கு வந்தேன்மா."

"இதுவா? இது வீடாடா? ஊற வச்ச துணி மாதிரி இருக்கு."

உள் அறையிலிருந்து அண்ணன் வந்தான். அவளுடைய மகன், இவனைவிடச் சில மாதம் மூத்தவன். அடிவாரத்தில் அவனைவிட நன்றாகத் துடுப்புப் போடுகிறவன் கிடையாது என்பதால் பெயரே துடுப்பு. ஓதம் கையை விரித்துக்கொண்டு போனான். துடுப்பு கட்டிப்பிடித்தான், ஆனால் அவசரத்தில் இருக்கிற ஆள் கட்டிப்பிடிப்பதுபோல.

"வந்துட்டியாடா. ஆபீஸ்ல எழுதிக் குடுத்தபடியே வந்துட்டே. நாங்க மூட்டை கட்டிட்டோம்."

சுவரோரம் மூன்று மூட்டைகள். பக்கத்தில் அண்ணி, மடியில் ஒரு பெண் குழந்தை. நாலு வயதிருக்கும். தூங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சும் சின்ன ஊதல் ஒலியோடு உள்ளே போய், யோசித்துவிட்டுத் திரும்பி வந்தது.

"எங்கண்ணா போறீங்க?" என்றான் ஓதம்.

"எங்கேயா? உன் வீட்டுக்குத்தான். ஆபீஸ்ல சொல்லலையா? இந்த வீட்டுக்கு நீ வந்தா, இந்த வீட்டுக்காரன் மேல. தனி ஆளானாலும் கணக்குக்கு நீ ஒரு குடும்பந்தானாம். அம்மா வரமாட்டேங்குறா. அண்டாவ யாரு பாத்துப்பான்னு ஒரே பிடிவாதம்."

ஓதம் மூட்டைகளைப் பார்த்தான். சட்டத்தை அவன் படித்திருந்தான். படிக்கும்போது அதில் ஆட்கள் இல்லை. "நான் உங்களோட இருக்கத்தானேண்ணா வந்தேன்," என்றான்.

குழந்தையின் நெஞ்சு ஊதியது.

"அவளுக்குச் சளி இல்லீங்க தம்பி," என்றாள் அண்ணி. "ஓதம் நெஞ்சுல ஏறிடுச்சு. காஞ்ச இடத்துக்குக் கொண்டு போகலேன்னா இந்த மழைக்காலம் தாங்காதுன்னு வைத்தியர் சொல்லிட்டார். நீங்க மட்டும் வரலேன்னா..." மேலே சொல்லாமல் குழந்தையின் முதுகை நீவினாள்.

தன் பட்டப்பெயரை அந்த அர்த்தத்தில் அவன் கேட்டது அதுவே முதல்முறை.

"இன்னும் முடியலை," என்றாள் அண்டாம்மா, எண்ணெய்த் துணியை உதறியபடி. "நாளைக்குக் காலையில இவன் அண்டா முன்னால நிக்கணும். மூட்டம் ஒழுங்கா எழும்பி, நேரத்துக்குக் கலையணும். ஆபீசர் வந்து பாப்பான். கலையலேன்னா இவன் மேல, நாம கீழ. ஒரு வீட்டுக்கு ஒரு தடவைதான்."

"நின்னுருவான்மா. நம்ம வீட்டுல வளந்தவன்தானே," என்றான் துடுப்பு.

"வளந்தான். துடுப்பத் தொட்டானா?"

*

அண்டா என்றால் சமையல் அண்டா இல்லை. ஏணி வைத்து இறங்கித் தேய்க்க வேண்டிய பித்தளை அண்டா. அடியில் தணிந்த கங்கு. நீர் கொதிக்கக்கூடாது, வெதுவெதுப்பாகவே இருக்க வேண்டும். ஆனால் வெறுமனே கிளறினால் மூட்டம் எழும்பாது. பேச வேண்டும். சுற்றி நிற்பவர்களின் வாய்ச்சூடு நீரில் பட்டுக்கொண்டே இருந்தால்தான் அது அசைந்துகொடுக்கும். பேச்சு நின்றால் மூட்டம் தண்ணீராக விழுந்துவிடும். அதனால்தான் அடிவாரத்தில் ஊமைக்குக்கூட வாய் நீளம் என்று மேட்டுத் தெருவில் பழிப்பார்கள்.

விடிவதற்கு முன்னாலேயே அண்டாம்மா அவன் கையில் துடுப்பைத் திணித்தாள். "என்ன வேணும்னாலும் பேசு. யாரப் பத்தி வேணும்னாலும் பேசு. பொய் சொல்லு, திட்டு, புறணி பேசு. ஒண்ணு மட்டும் கூடாது. பழங்கதை."

"ஏம்மா?"

"மூட்டம் கனத்துரும். கனத்தா படுத்துக்கும். படுத்துட்டா நகராது. இன்னைக்கு உள்ளத மட்டும் பேசு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

சமன் ஆபீசர் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். நிழல் குலத்துக்காரர், கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்தார். இன்னொரு கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தி வைத்திருந்தார். மூட்டத்துக்கு அதுதான் அளவு: நம்முடைய கட்டைவிரல் நமக்குத் தெரிய வேண்டும், எதிரே வருகிறவர் யாரென்று தெரியக்கூடாது. அந்த ஊரில் எல்லாக் குலத்தாரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நடக்கும் ஒரே நேரம் அதுதான்.

வேலை தொடங்கியது. எதிர்ப்புறம் நின்ற பக்கத்து வீட்டுக்காரி தன் நாத்தனாரை எடுத்தாள்.

"கேட்டியாக்கா, நேத்து வந்தா மகராணி. வந்தவ சும்மா இருக்காளா? என் தலகாணியத் தூக்கி மோந்து பாக்குறா!"

"மோந்து பாத்துட்டு?"

"நல்லாருக்குன்னு எடுத்துட்டுப் போயிட்டா!"

சிரிப்பு கிளம்பியது. நீரின்மேல் முதல் வெள்ளை இழை அசைந்தது. இலேசாகச் சுழன்று, குழாய் வாயைத் தேடி ஏறியது. எல்லாரும் ஓதத்தைப் பார்த்தார்கள். அவன் முறை.

"இன்னைக்கு..." என்று ஆரம்பித்தான். இருபது வருஷம் பேசாதிருந்த வாய். "இன்னைக்குக் காலையில எழுந்தேன். உத்தரத்துல சொட்டு தொங்குச்சு."

"ம்," என்றாள் அண்டாம்மா. இதுவரை சரி.

"வலது கோடியில இருக்கிறதுதான் முதல்ல விழுந்துச்சு." துடுப்பு கையில் தானாகவே நகர்ந்தது. "எப்பவும் அதுதான் முதல்ல விழும். அண்ணன் அது மேலதான் பந்தயம் கட்டுவான். எனக்கு விட்டே தரமாட்டான். நான் அழுவேன். அம்மா வந்து ரெண்டு பேருக்கும் நடுவுல படுத்துக்குவாங்க. அவங்க சேலையில கங்கு வாசனை அடிக்கும்..."

அவனுக்கே தெரியாமல் வழுக்கிவிட்டான். இன்றைய சொட்டிலிருந்து அன்றைய சொட்டுக்கு ஒரு விரல்கடைதான் தூரம். யானை மாடான கதை வந்தது. உப்பு முடிச்சு வந்தது. கம்பளி வந்தது. இத்தனை வருஷம் மொட்டை மாடியில் தனியாகப் படுத்துத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டதெல்லாம், கேட்க ஆள் கிடைத்ததும் கொட்டியது. நாளைக் காலை இந்த மூட்டைகள் படியேறிவிடும் என்ற நினைப்பும் அதற்குள் எங்கோ கிடந்து உந்தியிருக்கலாம்.

"நிறுத்துடா," என்றாள் அண்டாம்மா. ஆனால் பக்கத்து வீட்டுக்காரி மூக்கை உறிஞ்சினாள். "எங்க வீட்டுலயும் ஒரே கம்பளிதான் தம்பி. எங்க அப்பா..." என்று அவள் ஆரம்பிக்க, இன்னொருத்தி தன் கல்யாணத்துக்கு முந்தைய வாசலைப் பற்றி ஆரம்பிக்க, அண்டாவைச் சுற்றி ஒவ்வொருவரும் அவரவர் பழசுக்குள் இறங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

நீர் பொங்கியது. மூட்டம் இழையாக வரவில்லை. மெத்தை மெத்தையாக வந்தது. பசும்பால் நிறத்தில், கதகதப்பாக, யாரோ மடியில் படுக்கவைத்துத் தட்டுவதுபோல. குழாயில் அடைத்து ஏறி, தெருவில் இறங்கி, கதவிடுக்கில் நுழைந்து, சௌகரியமாகப் படுத்துக்கொண்டது.

"என் கட்டைவிரல் எங்கே?" என்று ஆபீசரின் குரல் கேட்டது. "இங்கதான் வச்சிருந்தேன்!"

அந்த நேரம் பார்த்து, மேலே வெகு உயரத்திலிருந்து ஒரு கம்பீரமான குரல் இறங்கியது.

"வரலாம்."

ஒன்றும் நடக்கவில்லை.

வெயில் குலத்தின் வரலாற்றில் அந்த வார்த்தைக்குப் பிறகு இப்படியொரு இடைவெளி வந்ததில்லை. சற்றுப் பொறுத்து, "வரலாம்!" என்று மறுபடி கேட்டது. இந்தமுறை கொஞ்சம் கோபம். மூட்டம் புரண்டு படுத்தது.

"வரலாங்குறேன்ல!"

ஓதத்துக்கு வியர்த்தது. தகப்பனார் இத்தனை வார்த்தை பேசி அவன் கேட்டதே இல்லை. "இப்ப என்ன செய்யிறது?" என்றான். எதிரே யார் நிற்கிறார்கள் என்று தெரியவில்லை.

"செய்யிறதுக்கு என்ன இருக்கு?" இது ஆபீசர். "வெயில் ஏறுற நேரம் தாண்டுனா தேர்வு முடிஞ்சுது. நீங்க மேல. மத்தவங்க அவங்கவங்க இடத்துல. யாராவது என் முக்காலியக் காட்டுங்கப்பா, எழுந்தவன் உக்கார முடியலை."

எங்கோ பக்கத்தில், கனத்த வெள்ளைக்குள், குழந்தை இருமத் தொடங்கியது. இருமல் நிற்கவில்லை. அண்ணி "கண்ணு, கண்ணு" என்று தடவுவது கேட்டது.

அப்போது துடுப்பு பேசினான். கத்தவில்லை. அண்டாவின் விளிம்பில் குனிந்து, நீரைப் பார்த்துப் பேசினான்.

"சொன்னியே, கம்பளின்னு. நீ படுத்தது எந்தப் பக்கம் தெரியுமா? கதவுப் பக்கம். சுவத்துப் பக்கம் நான். சுவரு ஊறிக் கம்பளி ஊறி என் முதுகு ஊறும். உனக்கு ஓதம் அடிச்சா மேல இருந்து கேட்பாங்க. எனக்கு அடிச்சா யாரு கேட்பா? பால் முதல்ல உனக்கு. மிச்சம் இருந்தா எனக்கு. வாரா வாரம் ஆள் வந்து உன்னத் தூக்கி எடை பாப்பான். நானும் கையத் தூக்கிட்டு நிப்பேன், என்னையும் தூக்குவான்னு. அவன் அம்மாகிட்ட, இந்தப் பையன் ஏன் குறுக்க நிக்கிறான்னு கேட்பான்."

அண்டாவில் ஓர் அசைவு. மெத்தை ஒன்று பிரிந்தது.

"நீ போன அன்னைக்கு அம்மா அழுதா. எனக்குச் சந்தோஷம். கதவுப் பக்கம் கிடைச்சுதுல்ல? ஒரு வாரம் படுத்தேன். ஒரே வாரம். அடுத்த கூடை வந்துருச்சு. இன்னொரு வறட்டு. நீ அஞ்சு வயசு வரைக்கும் இருந்துட்டுப் போயி ஞாபகம் வச்சிருக்கே. நான் போகவே இல்லியேடா. எனக்கு ஞாபகம் வச்சுக்க என்ன இருக்கு? இதோ, இப்பவும் இங்கதான் இருக்கேன். இப்ப என் புள்ள சுவத்துப் பக்கம் படுக்குது."

அது பழங்கதைதான்; ஆனால் அவனுக்கு அது இன்றைக்கும் முதுகில் ஊறிக்கொண்டிருக்கும் சங்கதி. அண்டா அந்த வித்தியாசத்தை அறிந்திருந்தது. மூட்டம் மேலாக விலகி, நின்றிருந்தவர்களின் தலைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. துடுப்பின் முகம் தெரிந்தது. கோபமாகக்கூட இல்லை. குழந்தையின் இருமல் வந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆட்சேபணை," என்றார் ஆபீசர். "தேர்வு அவருக்கா உமக்கா? அவர் பேசிக் கலைக்கணும். நீர் பேசுனா செல்லாது."

ஓதம் வாயைத் திறந்தான். ஒரு வார்த்தையும் வரவில்லை. அவனிடம் இருந்ததெல்லாம் அந்த வீடுதான். அதைத்தான் இப்போது அண்ணன் வாங்கி, திருப்பி, பின்பக்கத்தைக் காட்டிவிட்டான். பேச்சு நின்றதால் நீர் மறுபடி மந்தமாகியது. எல்லாரும் அண்டாம்மாவைப் பார்த்தார்கள்.

அவள் சும்மா நின்றிருந்தால் போதும். அத்தோடு முடிந்துவிடும், மகனும் மருமகளும் பேத்தியும் இதே ஈரத்தில், அவள் கண் முன்னாலேயே இருப்பார்கள். அவள் ஒரு நிமிஷம் சும்மாதான் நின்றாள். கையிலிருந்த துடுப்பு மட்டும் பழக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு அதை நிறுத்தி, அதன் நுனியால் ஓதத்தின் விலாவில் குத்தினாள்.

"டேய் வறட்டு. அப்ப என்ன பண்ணுச்சுன்னு கேக்கலை. இப்ப உனக்கு என்ன பண்ணுது? அதச் சொல்லு."

"இப்பவா?"

"இப்ப. இந்த நிமிஷம்."

"கை வலிக்குதும்மா."

"சொல்லு."

"கைனா கை இல்ல, தோளுல இருந்து பிடிக்குது. சட்டை முதுகோட ஒட்டிக்கிட்டு அரிக்குது. இந்தத் துடுப்ப எந்தப் புண்ணியவான் செதுக்குனான்? கட்டை விரல்ல சிராய் ஏறிடுச்சு."

"அப்புறம்?"

"பசிக்குது. நேத்து ராத்திரி நீங்க குடுத்த ரொட்டியப் பிழிஞ்சா தண்ணி வருது, அத மனுஷன் திங்கிறதா? நெத்தி வீங்கியிருக்கு. கதவ இவ்வளவு குட்டையா வச்சவன் மட்டும் கையில கிடைச்சான்னா..." ஓதத்தின் குரல் ஏறியது. "இந்த ஆபீசர் வந்ததுல இருந்து மூக்கப் பொத்திக்கிட்டு இருக்காரு. அந்தக் கைக்குட்டைதான் நாறுது, எங்க அண்டா இல்ல!"

அண்டாவைச் சுற்றிக் கெக்கலிப்பு எழுந்தது. ஆபீசர் கைக்குட்டையைச் சந்தேகத்தோடு பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரி, "ஆமாமா, எங்க நாத்தனா கூட அப்படித்தான்..." என்று தன் பழைய இடத்தைப் பிடித்துக்கொண்டாள். அவன் விடவில்லை. கால் மரத்தது, கொசு கடித்தது, நேற்று இரவு அம்மா விட்ட குறட்டை, எல்லாம் வந்தன. "எனக்குப் பயமா இருக்கு. இவங்கல்லாம் போயிட்டா நான் இங்க என்ன பண்ணப் போறேன்னே தெரியலை," என்பதும், கொசுவுக்கும் குறட்டைக்கும் நடுவில், அதே குறை சொல்லும் குரலில் வந்தது.

நீர் சீராக அசைந்தது. இழை இழையாக வெள்ளை எழும்பியது. படுத்திருந்ததையும் மெல்லத் தட்டி எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனது. ஆபீசருக்குக் கட்டைவிரல் கிடைத்தது. கொஞ்சம் பொறுத்து, தொண்டை கட்டிய குரலில் மேலிருந்து, "...வரலாமே?" என்று கேட்டது. கேட்ட மாத்திரத்தில் வெயில் விழுந்தது. பேரிரைச்சலாக மேட்டுத் தெரு கைதட்டியது. நடந்தது இன்னதென்று யாருக்கும் தெரியாததால், அன்றிலிருந்து வெயில் குலத்தார் அனுமதியைக் கொஞ்சம் கெஞ்சலாகக் கொடுக்கத் தொடங்கினார்கள் என்று கேள்வி.

"தேறினார்," என்றார் ஆபீசர், கைக்குட்டையை மடித்துப் பைக்குள் போட்டபடி.

*

மறுநாள் விடிவதற்குள் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். வெளியே அளவான மூட்டம். ஓதம் ஒரு மூட்டையைப் படிக்கட்டுவரை தூக்கிக்கொண்டு போனான். துடுப்பு அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். ஏதாவது சொல்வான் என்று ஓதம் நின்றான்.

"மேல கதவெல்லாம் உயரமாடா?"

"உயரந்தான். இடிக்காது."

"சரி." துடுப்பு இரண்டு படி ஏறினான். நின்றான். "கதவுப் பக்கமே படு. சுவத்துப் பக்கம் போயிராத," என்று திரும்பாமலே சொன்னான்.

குழந்தை அண்ணியின் தோளுக்கு மேலாகக் கையாட்டியது. இன்னும் சில படிகள். பிறகு எதிரே போகிறவர்கள் யாரென்று தெரியவில்லை.

அவன் திரும்பி வந்தபோது அண்டாவில் வேலை தொடங்கியிருந்தது. அண்டாம்மா படிக்கட்டுப் பக்கம் வரவே இல்லை, கிளறிக்கொண்டிருந்தாள். அவள் வாய் மூடியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி நாத்தனாரை வைத்துக்கொண்டு தனியாளாக எவ்வளவுதான் இழுப்பாள்? நீர் மந்தமாகிக்கொண்டிருந்தது. ஓதம் துடுப்பை எடுத்துக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் நின்றான். நெஞ்சு முழுக்க அண்ணன்தான் இருந்தான், ஐந்து வயதில்.

"அண்ணன் சின்ன வயசுல—"

அண்டாம்மாவின் துடுப்பு நின்றது. அவள் அவனைப் பார்க்கவில்லை, நீரைப் பார்த்தாள். அவன் விழுங்கினான். இன்னொருமுறை விழுங்கினான்.

"இன்னைக்குக் காலையில," என்றான், "ஒருத்தன் பொண்டாட்டி புள்ளையோட மேல போனான். புதுச் செருப்பு. பாதிப் படியிலயே கடிச்சிருக்கும்."

அண்டாம்மாவின் துடுப்பு மறுபடி சுற்றத் தொடங்கியது.

"கடிக்கட்டும்," என்றாள் அண்டாம்மா. குரல் பிசிறியது. செருமிக்கொண்டாள். "ஒரு சைஸ் பெருசா வாங்குடான்னு தலையால அடிச்சுக்கிட்டேன். எவன் கேக்குறான்?"

"எங்க நாத்தனா புருஷனுக்கும் இப்படித்தான்கா," என்று பக்கத்து வீட்டுக்காரி பாய்ந்து பிடித்துக்கொண்டாள். "என்ன கலரு?"

"கறுப்பு," என்றான் ஓதம். "மேல போயி ரெண்டே நாள்ல வெளுத்துரும்."

மூட்டம் எழும்பத் தொடங்கியது.